அப்பாவின் குறிப்பேடுகளும் நினைவு மலரும்

கேள்வி: என் தந்தை 1971இல் வட ஆர்க்காடு மாவட்டத்தில் அரசுப் பள்ளி ஆசிரியராகச் சேர்ந்து, செங்கம், போளூர், ஆம்பூர், வேலூர் என்று பல ஊர்களில் வரலாறு கற்பித்து, 2005இல் குடியாத்தத்தில் ஓய்வு பெற்றவர். கடந்த ஆடி மாதம் காலமானார். போன ஊரிலெல்லாம் கல்வெட்டு, நடுகல், பழைய கோயில் என்று பார்த்து எழுதிய குறிப்பேடுகள், நாட்குறிப்புகள், கல்வெட்டு எழுத்துகளை மை ஒற்றிப் படியெடுத்த மைப்படித் தாள்கள், ஊர்ப் பெரியவர்களைப் பேசவைத்துப் பதிவு செய்த கேசட்டுகள், மாணவர்கள் வயலில் கண்டெடுத்துக் கொடுத்த சில காசுகள் ஆகியவை ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன. வாடகை வீட்டைக் காலி செய்ய வேண்டியிருப்பதால், வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைப் பழைய பேப்பர் கடையில் போட்டுவிடலாம் என்கிறான் தம்பி. முதலாண்டு நினைவு நாளில் ஒரு மலர் வெளியிட வேண்டும் என்று உறவினர்களும் முன்னாள் மாணவர்களும் விரும்புகிறார்கள். ஆனால் வந்திருக்கும் கட்டுரைகள் எல்லாம் 'தங்கமான மனிதர்', 'கண்டிப்பானவர்' என்றே இருக்கின்றன. அவற்றில் அப்பாவைக் காணவில்லை. வேலூரில் பணியாற்றியபோது ஒவ்வோர் ஆண்டும், 1806 சிப்பாய்க் கிளர்ச்சி நடந்த ஜூலை 10 அன்று மாணவர்களைக் கோட்டைக்கு அழைத்துப்போய், 'ஆர்க்காட்டிலிருந்து இங்கே வரக் குதிரைக்கு எவ்வளவு நேரம் ஆகும்?' என்று கேட்பார். அவர் எழுதியவற்றில் சில தவறாக இருக்குமோ என்ற ஐயமும் உண்டு. கோட்டையிலிருந்து விரிஞ்சிபுரத்துக்குச் சுரங்கப்பாதை இருந்ததாக உறுதியாக எழுதியிருக்கிறார். நாட்குறிப்பில் சக ஆசிரியர்கள் சிலரைப் பற்றிக் கசப்பான வரிகளும் உள்ளன. எதை வைப்பது, எதை அச்சிடுவது, எப்படி எழுதுவது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, குடியாத்தம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம். தந்தையாரின் மறைவுக்கு என் ஆழ்ந்த இரங்கல். ஆவணங்களைப் பேணுவதைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில், உங்கள் கேள்விகளில் எது காத்திருக்கும், எது காத்திருக்காது என்று பிரித்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

பெட்டி காத்திருக்காது. வீடு மாறும்போது தாள்கள் தொலைவதைவிட, அவற்றின் வரிசை குலைவதே பெரிய இழப்பு. ஊர்வாரியாக அடுக்கலாம், பெரியது சிறியது பார்த்து அடுக்கலாம், கல்வெட்டை ஒருபுறமும் கடிதத்தை மறுபுறமும் வைக்கலாம் என்றெல்லாம் தோன்றும், எதையும் செய்யாதீர்கள். ஒரு குறிப்பேட்டின் நடுவில் பேருந்துச் சீட்டோ, யாரோ எழுதிய அஞ்சலட்டையோ, கோயில் விபூதிப் பொட்டலமோ செருகியிருந்தால், அவர் அந்தக் கல்லைப் பார்க்கப் போனது எந்த நாள், எந்த வழியாகப் போனார், யார் சொல்லிப் போனார் என்பதற்கு அந்தச் செருகலே சில வேளைகளில் ஒரே சான்றாக இருக்கும். பெட்டியைத் திறந்தவுடன் உள்ளே இருப்பதை அப்படியே மேலிருந்து கைப்பேசியில் படமெடுத்து, ஒவ்வோர் அடுக்கையும் எடுக்கும்போது மீண்டும் படமெடுத்து, குறிப்பேடுகளின் பின்னட்டை உட்புறத்தில் மென்மையான பென்சிலால் 1, 2, 3 என்று எண் இட்டு, எந்த எண்ணுக்குள் என்ன செருகப்பட்டிருந்தது என்று ஒரு தனி நோட்டில் எழுதிக்கொண்டால், அதன்பின் பெட்டி சென்னைக்குப் போனாலும் குடியாத்தத்திலேயே இருந்தாலும் வரிசை தப்பாது.

தம்பியின் மீது வருத்தம் கொள்ள வேண்டாம். வாடகை வீட்டைக் காலி செய்பவர்களுக்கு இடம்தான் கவலை. அந்தக் கவலை நியாயமானது. அவரிடம் ஒன்றை மட்டும் விளக்குங்கள்: கையால் எழுதப்பட்ட எதற்கும் உலகில் இரண்டாம் படி கிடையாது, அச்சிட்ட நூல்களில் பெரும்பாலானவற்றுக்கு உண்டு. எனவே பேப்பர் கடைக்கோ ஊர் நூலகத்துக்கோ போக வேண்டியவை இருந்தால் அவை அச்சு நூல்களாக இருக்கட்டும். அவற்றிலும், ஓரங்களில் அவர் குறிப்பெழுதிய நூல்களையும், அவர் பணியாற்றிய பள்ளிகளின் ஆண்டு மலர்களையும், 1970களின் வரலாற்றுப் பாடநூல்களையும் விட்டுவிடாதீர்கள். காக்ஸ் தொகுத்து 1881இல் வெளிவந்து, ஸ்டூவர்ட் திருத்தி 1895இல் மீண்டும் வந்த வட ஆர்க்காடு மாவட்டக் கையேட்டின் பிரதியோ நகலோ அவரிடம் இருந்தால், அதன் ஓரங்களைப் பொறுமையாகப் புரட்டிப் பாருங்கள். இந்த மாவட்டத்து வரலாற்று ஆசிரியர் ஒருவர் அந்தக் கையேட்டோடு சண்டையிடாமல் இருந்திருக்க முடியாது என்பது என் எண்ணம்.

பாதுகாப்பு முறைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பரணில் வைக்காதீர்கள், மொட்டை மாடிக்குக் கீழே உள்ள பரணில் கத்திரி வெயில் என்ன செய்யும் என்பதை வேலூர்ப் பக்கத்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தரையில் நேரடியாக வைத்தால் கரையானுக்கு வழி. லேமினேஷன் செய்தால் தாளைப் பிறகு மீட்க முடியாது. செல்லோடேப் சில ஆண்டுகளில் மஞ்சளாகி எழுத்தையும் சேர்த்துத் தின்னும். துருப்பிடித்த குண்டூசிகளை மட்டும் மெதுவாக எடுத்துவிடலாம். மைப்படித் தாள்களைப் பழைய மடிப்பிலேயே மீண்டும் மீண்டும் மடிக்காமல், சுத்தமான வெள்ளைத் தாள் சுற்றிய பெரிய குழாயின் மேல் தளர்வாகச் சுருட்டி வையுங்கள். எல்லாவற்றுக்கும் முன்பாக அந்தக் கேசட்டுகளைக் கணினிக் கோப்புகளாக மாற்றுங்கள். காகிதம் இன்னும் பல ஆண்டுகள் தாங்கும். ஒலிநாடா தாங்காது, அதை ஓட்டும் கருவியும் அரிதாகிக்கொண்டே வருகிறது.

காசுகள் தனி விஷயம். புளியோ எலுமிச்சையோ போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். மேலே படிந்திருக்கும் களிம்போடு எழுத்தும் போய்விடும். அவர் எந்த உறையில் வைத்திருந்தாரோ அந்த உறையோடு வையுங்கள், ஏனென்றால் கொடுத்த மாணவரின் பெயரும் வயல் இருந்த ஊரும் அந்த உறையின் மேல்தான் எழுதியிருக்கும். மண்ணுக்குள் புதைந்து கிடந்து கிடைக்கும் பொருள்களைப் பற்றி 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ளதாக இருந்தால் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அதன் விதி. நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட தொல்பொருள்களை விற்பதற்கும் வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கும் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் கட்டுப்பாடு விதிக்கிறது. வகுப்பறையில் காட்டுவதற்காக வாங்கி வைத்த ஆசிரியரின் எண்ணத்தில் யாரும் குறை காணப் போவதில்லை. ஆயினும் அவற்றை வீட்டுப் பொருளாகப் பங்கிட்டுக்கொள்ளாமல், வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்தின் காப்பாட்சியரிடம் உறைகளோடு கொண்டுபோய்க் காட்டி, அவர் சொல்லும் வழியில் எழுத்து மூலமாக ஒப்படைப்பதே முறை. 'வயலில் கிடைத்தது, மாணவர்கள் கொடுத்தது' என்பதை மறைக்காமல் எழுதிக் கொடுங்கள்.

இனி, நீங்கள் உண்மையில் கேட்க வந்த கேள்வி. வந்திருக்கும் கட்டுரைகளில் அப்பாவைக் காணவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்தபோது, எழுதும் முறைக்கான விடை அவருடைய பெட்டிக்குள்ளேயே இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. செங்கத்தில் பணியாற்றியவர், நடுகற்களைத் தேடிப் போனவர். எனவே அந்தப் பகுதியின் எடுத்தனூர் நடுகல்லை அவர் அறியாமல் இருந்திருக்க வாய்ப்பில்லை. மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், இன்ன தலைவனின் ஆளாகிய கருந்தேவகத்தி என்பவன் எருமைகளை மீட்கும் சண்டையில் இறந்தான் என்று அந்தக் கல் சொல்கிறது. அவனுடன் நின்று கள்ளர் இருவரைக் கடித்துக் காத்த நாயின் பெயர் கோவிவன் என்றும் சொல்கிறது. மாவீரன் என்றோ நிகரற்றவன் என்றோ ஒரு சொல்கூட இல்லை. எந்த அரசனின் எந்த ஆண்டு, யாருடைய ஆள், எதற்காக இறந்தான், கூட இருந்தது யார் என்பவை மட்டுமே இருக்கின்றன. பல்லவர் காலத்தில் மாடு மேய்த்த ஒரு கூட்டத்தின் இளைஞன் ஒருவனையும் ஒரு நாயையும் இன்று நாம் பெயர் சொல்லி அறிவது அந்த விவரங்களால்தான். நினைவு மலருக்கு இதைவிட நல்ல முன்மாதிரி எனக்குத் தெரியவில்லை. 'தங்கமான மனிதர்' என்பது எந்த ஊர் எந்த ஆசிரியருக்கும் பொருந்தும். ஆர்க்காட்டிலிருந்து குதிரை வரும் நேரத்தைக் கேட்டவர் ஒருவர்தான்.

எனவே முதலில் ஆண்டுகளை நிறுவுங்கள். பணிப்பதிவேட்டின் நகல், மாறுதல் ஆணைகள், ஓய்வூதியக் கொடுப்பாணை ஆகியவை வீட்டில் இருக்கும். குடும்ப ஓய்வூதியத்துக்காக அம்மா அவற்றை ஏற்கெனவே ஒரு பையில் எடுத்து வைத்திருப்பார். எந்தத் தேதியில் எந்தப் பள்ளியில் சேர்ந்தார், எப்போது விடுவிக்கப்பட்டார் என்ற வரிசையை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, குறிப்பேடுகளின் தேதிகளை அதன் எதிரே பொருத்துங்கள். அவர் வேலைக்குச் சேர்ந்த மறு ஆண்டில்தான், 1972இல், தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை செங்கம் நடுகற்களைத் தொகுத்து நூலாக வெளியிட்டது. இளம் ஆசிரியர் ஒருவர் பணியாற்றிய வட்டத்தின் வயல்வெளிக் கற்களெல்லாம் திடீரென்று தமிழக வரலாற்றின் சான்றுகளாகப் பேசப்பட்ட காலம் அது. அவருடைய ஆர்வம் அங்கே பற்றிக்கொண்டதா, அதற்கு முன்பே இருந்ததா என்பதை முதல் குறிப்பேட்டின் தேதியே சொல்லும். நூல் வந்ததால்தான் அவர் கிளம்பினார் என்று நீங்களாக எழுதிவிடாதீர்கள். தேதி சொன்னால் எழுதுங்கள்.

மாவட்டப் பெயரிலும் கவனம் தேவை. அவர் சேர்ந்தபோது செங்கமும் ஆம்பூரும் ஆர்க்காடும் குடியாத்தமும் ஒரே வட ஆர்க்காடு மாவட்டம். 1989இல் அது இரண்டாகப் பிரிந்து, செங்கமும் போளூரும் திருவண்ணாமலைப் பக்கம் போயின. 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகி, ஆம்பூர் திருப்பத்தூருக்கும் ஆர்க்காடு இராணிப்பேட்டைக்கும் உரியவை ஆயின. 1975இல் 'நம் மாவட்டம்' என்று அவர் எழுதியிருந்தால் அது இன்றைய நான்கு மாவட்டங்களைக் குறிக்கும். மலரில் இதைத் திருத்தி இன்றைய பெயரை மட்டும் போட்டால், அவர் அலைந்த பரப்பின் அளவு வாசகருக்குத் தெரியாமலே போய்விடும். அன்றைய பெயரை அப்படியே விட்டு, இன்றைய பெயரை அடிக்குறிப்பில் தாருங்கள்.

அலுவல் வேலைகளையும் விட்டுவிடாதீர்கள். 1981, 1991, 2001 ஆகிய ஆண்டுகளின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆசிரியர்கள் வீடு வீடாகப் போனார்கள். தேர்தல் பணிக்கும் போனார்கள். எந்தச் சிற்றூரில் எந்தக் கல் எந்தப் புளியமரத்தடியில் கிடக்கிறது என்பது பல ஆசிரியர்களுக்குத் தெரியவந்தது இப்படித்தான். நாட்குறிப்பில் அந்த மாதங்களைத் தேடிப் பாருங்கள். அதேபோல, 1981 மார்ச் 16ஆம் நாளை எடுத்துப் பாருங்கள். ஏறத்தாழ 400 ஆண்டுகள் மூலவர் இல்லாதிருந்த கோட்டை ஜலகண்டேசுவரர் கோயிலில் லிங்கம் மீண்டும் வைக்கப்பட்ட நாள் அது. அந்த வாரம் ஒரு வரலாற்று ஆசிரியர் என்ன எழுதினார், அல்லது எதுவும் எழுதாமல் தேர்வுத்தாள் திருத்திக்கொண்டிருந்தாரா என்பது, எதுவானாலும், மலரில் இடம்பெறத் தக்க செய்தி.

மாணவர்களின் கட்டுரைகளை நிராகரிக்க வேண்டாம். கேள்வியை மாற்றிக் கேளுங்கள். 'ஐயாவைப் பற்றி எழுதித் தாருங்கள்' என்றால் இரங்கல் உரைதான் வரும். 'எந்த ஆண்டு, எந்த வகுப்பு? அவர் கரும்பலகையில் வரைந்த ஒரு படம் நினைவிருக்கிறதா? எந்தப் பாடத்தை அவசரமாக முடித்தார், எதில் நின்றுவிட்டார்? அவர் சொல்லி நீங்கள் நம்பாதது எது?' என்று கேட்டுப் பாருங்கள். கோட்டைக்குப் போன மாணவர்களிடம், அவர் எந்த வாயிலில் நிறுத்தினார், எந்தத் திசையைக் காட்டினார் என்று கேளுங்கள்.

அந்தக் குதிரைக் கேள்வியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவருடைய கற்பிக்கும் முறை முழுவதும் அதில் அடங்கியிருக்கிறது. 1806 ஜூலை 10 விடியுமுன்னே வேலூர்க் கோட்டையில் இருந்த இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். கோட்டை அவர்கள் கைக்கு வந்தது. ஆர்க்காட்டில் இருந்த ஆங்கிலேயத் தளபதி கில்லெஸ்பி குதிரைப்படையோடு விரைந்து வந்து, அன்று முற்பகலுக்குள்ளேயே கோட்டையைக் கிழக்கிந்தியக் கும்பினியாருக்கு மீட்டுக் கொடுத்தார். இரண்டு ஊர்களுக்கும் இடையே சுமார் 25 கிலோமீட்டர். இந்தத் தொலைவை மாணவன் தன் மனத்தில் கடந்து பார்த்துவிட்டால், கிளர்ச்சி ஏன் ஒரு பகல்கூட நீடிக்கவில்லை, செய்தி எப்படி வெளியே போனது, வாயில்களைக் காப்பதில் என்ன தவறியது என்ற கேள்விகள் தாமாகப் பிறக்கும். புதிதாக அணியச் சொன்ன தலைப்பாகையும் தோல் குஞ்சமும், சமயக் குறிகளுக்கும் காதணிகளுக்கும் விதித்த தடையும் காரணம் என்று பாடநூல் சொல்லும்; கோட்டைக்குள் திப்பு சுல்தானின் மக்கள் வைக்கப்பட்டிருந்ததையும் சொல்லும். அவர் அவற்றைச் சொன்ன பிறகு குதிரையைப் பற்றிக் கேட்டாரா, முதலிலேயே கேட்டாரா? இதை மூன்று மாணவர்கள் தனித்தனியே ஒரே மாதிரி நினைவுகூர்ந்தால், அதுவே மலரின் சிறந்த பக்கமாக அமையும். அவருடைய பாடக்குறிப்பு நோட்டு கிடைத்தால், அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அருகில் அச்சிடுங்கள்.

இவர்கள் எல்லாரையும்விட முன்னதாக அம்மாவிடம் பேசுங்கள். ஒரு கைப்பேசியை மேசை மேல் வைத்துவிட்டு, ஒரு நாளைக்கு அரை மணி நேரத்துக்கு மேல் போகாமல், அவர் களைப்படையாதபடி கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கல் தேடிக் கிளம்பியவருக்குச் சோறு கட்டிக் கொடுத்தது யார், மைப்படி எடுத்து வந்த ஈரத் தாளை எந்தக் கொடியில் காயவைத்தார்கள், அதற்கான செலவு எந்தச் சம்பளத்திலிருந்து போனது, ஒவ்வொரு மாறுதலின்போதும் இந்தப் பெட்டியைத் தூக்கிப்போட வேண்டும் என்று வீட்டில் எத்தனை முறை சண்டை வந்தது என்பவை எந்தக் குறிப்பேட்டிலும் இருக்காது. நம் ஊர் நினைவு மலர்களில் மனைவிமார் 'துணை நின்றார்' என்ற ஒரே வரியில் முடிந்துபோவது எனக்கு எப்போதும் எரிச்சலூட்டும் வழக்கம்.

அடுத்து, தவறுகள் பற்றிய அச்சம். கோட்டையிலிருந்து விரிஞ்சிபுரத்துக்குச் சுரங்கப்பாதை இருந்தது என்பது வேலூரில் தலைமுறைகளாகச் சொல்லப்படும் செய்தி. அப்படி ஒரு பாதையை நிறுவும் தொல்லியல் சான்று கிடைக்கவில்லை. அதற்காக அவர் எழுதியதை அடிக்கவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம், உண்மை என்று அச்சிடவும் வேண்டாம். அவர் அதை யாரிடம் கேட்டார், எந்த ஊரில் கேட்டார், சொன்னவருக்கு அப்போது என்ன வயது என்று பக்கத்தில் எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள். எழுதியிருந்தால், சுரங்கத்துக்கு அது சான்றாகாவிட்டாலும், 1980களில் வேலூர் மக்கள் தங்கள் கோட்டையைப் பற்றி என்ன நம்பினார்கள் என்பதற்கு முதல்தரச் சான்றாகும். மலரில் அவருடைய வாசகத்தை எழுத்து மாறாமல் தந்து, கீழே உங்கள் குறிப்பாக, இது வாய்மொழிச் செய்தி, நிறுவப்படவில்லை என்று ஒரு வரி சேர்த்தால் போதும். அவர் உயிரோடு இருந்து ஒரு மாணவர் அப்படிச் சுட்டிக்காட்டியிருந்தால் கோபித்துக்கொண்டிருப்பாரா, மகிழ்ந்திருப்பாரா என்பது எனக்கல்ல, உங்களுக்குத்தான் தெரியும்.

கல்வெட்டுப் படிகளிலும் இதே முறைதான். மேல்பாடியில் முதலாம் இராசராசன் தன் பாட்டனார் அரிஞ்சயனின் நினைவாக எடுத்த பள்ளிப்படைக் கோயிலின் கல்வெட்டுகளைப் போல, நெடுங்காலத்துக்கு முன்பே அச்சேறிவிட்டவற்றை அவர் மீண்டும் படியெடுத்திருந்தால், 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' தொகுதிகளோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். எந்தத் தொகுதியிலும் ஆண்டறிக்கையிலும் இல்லாத ஒன்று, முக்கியமாக ஊர்ப்புற நடுகல் ஒன்று, அவருடைய நோட்டில் இருந்தால், அதைப் பெட்டியிலேயே விட்டுவிடாதீர்கள். சாலை விரிவாக்கத்திலும் ஏரிக்கரை வேலையிலும் இடம் மாறிய கற்கள், உடைந்த கற்கள், புதிதாகக் கட்டிய கோயிலுக்குள் மஞ்சள் பூசித் தெய்வமாகிவிட்ட கற்கள் ஏராளம். நாற்பது ஆண்டுகளுக்கு முன் அது எங்கே, எந்தத் திசை நோக்கி நின்றது என்பதற்கு அவருடைய நோட்டே இன்று எஞ்சியிருக்கும் சாட்சியாக இருக்கலாம். நல்ல படங்களோடு தமிழகத் தொல்லியல் கழகத்தின் 'ஆவணம்' இதழுக்கு அவர் பெயரில் அனுப்பலாம். கண்டறிந்தவர் என்ற இடத்தில் அவர் பெயர் அச்சாவதை நூறு பாராட்டுரைகளுக்கு மேலாக நான் மதிக்கிறேன்.

கசப்பான வரிகளைப் பற்றி என் கருத்து உறுதியானது: அழிக்காதீர்கள், அச்சிடாதீர்கள். பதவி உயர்வு தள்ளிப்போன மாதத்தில் ஒருவர் இரவில் எழுதுவது அந்த இரவுக்கு உண்மை; அதில் பெயர் வரும் மனிதர் இன்று உங்கள் தெருவில் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு வாழ்ந்துகொண்டிருக்கலாம், அவருக்கு மறுத்துப் பேச இடமில்லை. அந்த நாட்குறிப்புகளைத் தனி உறையில் இட்டு ஒட்டி, இன்ன ஆண்டு வரை திறக்க வேண்டாம் என்று எழுதி, கையெழுத்திட்டுப் பெட்டியிலேயே வையுங்கள். ஆவணக் காப்பகங்கள் இத்தகைய நிபந்தனையை ஏற்றுக்கொள்வது வழக்கம்தான். அதே நேரத்தில், மலரில் அவர் எல்லாரோடும் இணக்கமாக இருந்தார் என்று பொய்யும் எழுத வேண்டாம்; மாறுதல்களும் பதவி உயர்வும் அவரை வருத்தின என்று பெயர் சுட்டாமல் ஒரு வரியில் சொன்னால், அவரை அறிந்தவர்கள் புரிந்துகொள்வார்கள்.

மலருக்கு ஆடி வரை என்ற கெடு வேண்டாம் என்பதையும் துணிந்து சொல்கிறேன். முதலாண்டு நினைவு நாளில் படத்திறப்பையும் திதியையும் முறைப்படி செய்யுங்கள். அன்று வரும் மாணவர்களுக்காக அவருடைய நோட்டுப் பக்கங்களில் சிலவற்றைப் பெரிதாக நகலெடுத்துச் சுவரில் மாட்டுங்கள், பக்கத்தில் ஒரு வெற்று நோட்டையும் பேனாவையும் வையுங்கள். பார்த்தவர்கள் நினைவு வந்து எழுதுவார்கள். அதில் மலருக்கான பாதிப் பொருள் வந்துசேரும். அச்சு வேலை அடுத்த ஆண்டு ஆகட்டும். வாழ்த்துச் செய்திப் பக்கங்களை இயன்றவரை குறையுங்கள். ஊர்ப் பிரமுகர்களின் படங்கள் இருபது பக்கம் ஓடிய பிறகு இறந்தவரின் படம் வரும் மலர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். புகைப்படங்களின் கீழ் 'ஐயா மாணவர்களுடன்' என்று மட்டும் போடாமல், ஊர், ஆண்டு, இடமிருந்து வலமாகப் பெயர்கள் என்று போடுங்கள். பெயர் தெரியாதவர் இருந்தால் அந்த இடத்தை வெறுமையாக விட்டு அச்சிடுங்கள்; யாராவது அடையாளம் சொல்லி எழுதுவார்கள்.

கடைசியாக, பெட்டி எங்கே போய்ச் சேர வேண்டும் என்பது. குடும்பத்தில் யாராவது ஒருவர் அக்கறையோடு வைத்துக்கொள்வார் என்றால் அவசரமில்லை. ஒளிப்படமாக்கிய கோப்புகளின் இரண்டு பிரதிகளை உங்களிடமும் தம்பியிடமுமாக வேறு வேறு ஊர்களில் வைத்தால் போதும். ஒளிப்படமாக்கும்போது, எழுத்துப் பக்கங்களுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி அடர்த்தியும் புகைப்படங்களுக்கு 600 புள்ளியும் கேட்டு வாங்குங்கள்; செருகல்களையும் அவை இருந்த பக்கத்தோடு சேர்த்தே எடுக்கச் சொல்லுங்கள். ஒரு நிறுவனத்துக்குக் கொடுப்பதானால், மைப்படிகளும் கல்வெட்டுக் குறிப்புகளும் மாநிலத் தொல்லியல் துறைக்கோ, வேலூர்ப் பகுதிக் கல்லூரி ஒன்றின் வரலாற்றுத் துறைக்கோ பயன்படும். பழைய இதழ்களையும் மலர்களையும் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடத்தில் கேட்டுப் பார்க்கலாம். அவர் கடைசியாகப் பணியாற்றிய பள்ளியில் தொன்மைப் பாதுகாப்பு மன்றம் இயங்கிவந்தால், மூலங்களை அல்ல, நகல்களின் ஒரு தொகுதியை அதற்குக் கொடுங்கள். பிள்ளைகள் புரட்டிக் கிழித்தாலும் கவலையில்லை.

எங்கே கொடுத்தாலும், வாய்ச்சொல்லாகக் கொடுத்துவிட்டு வராதீர்கள். எண்ணிட்ட பட்டியலின் இரண்டு படிகளை எடுத்துப்போய், ஒன்றில் பெற்றுக்கொண்டவரின் கையெழுத்தும் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். கொடுப்பது நிலையாகவா, பாதுகாப்புக்கு மட்டுமா, ஆய்வாளர்கள் பார்க்கலாமா, வெளியிடுவதற்கு உங்களிடம் அனுமதி பெற வேண்டுமா, ஒட்டிய உறை எந்த ஆண்டில் திறக்கப்படும் என்பவற்றைக் கடிதமாகவே எழுதிக் கொடுங்கள். நம் நாட்டுச் சட்டப்படி ஒருவர் எழுதியவற்றின் பதிப்புரிமை அவர் மறைவுக்குப் பின் 60 ஆண்டுகள் வாரிசுகளுக்கு உரியது. ஆகவே அந்தக் கடிதத்தில் அம்மா, நீங்கள், தம்பி ஆகிய மூவரும் கையெழுத்திட வேண்டும்.